ஒரு ஊருக்கே வீட்டுக்காரர்: ஜார்ஜ் புல்மன்



போன பொதுக்குழுக் கூட்டத்தில் பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேச்சு வந்தபோது ஏற்பட்ட சத்தம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது ஒரு நண்பர் எழுந்து, கமிட்டி, தேர்தல், தணிக்கை என்று எதற்கு இத்தனை தொல்லை, தண்ணீர், லிஃப்ட், காவல், தோட்டம், குப்பை, வசூல் அத்தனையையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாமே என்றார். பலர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு வருஷம் பொருளாளராக இருந்தவனுக்குத்தான் அந்தத் தூக்கத்தின் அருமை தெரியும். அந்தத் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஜார்ஜ் புல்மன் ஞாபகம் வந்தார். வங்கியில் சேர்ந்த புதிதில் எங்கள் தொழிற்சங்க வகுப்பில் இவர் பெயரை முதலில் கேட்டேன். வேலைநிறுத்தக் கதையின் வில்லனாகத்தான் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு பொறுமையாகப் படித்ததில், விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று பட்டது. அந்த மனிதரின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஜார்ஜ் மார்டிமர் புல்மன் 1831 மார்ச் 3-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தச்சர். பிள்ளைகள் பத்துப் பேர், இவர் மூன்றாவது. பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் வருஷத்துக்கு 40 டாலர். குமாஸ்தாவாகத் தொடங்கியவர் என்பதால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. கட்டிய வீட்டை அப்படியே நகர்த்தி வேறு இடத்தில் வைப்பது. அதற்கான ஒரு கருவிக்கு 1841-இல் காப்புரிமையும் வாங்கியிருந்தார். ஈரி கால்வாயை அகலப்படுத்தியபோது கரையோரக் கட்டிடங்களைத் தள்ளி வைக்கும் வேலை நிறையக் கிடைத்தது. 1853-இல் அப்பா இறந்ததும் ஜார்ஜ் அந்தத் தொழிலை ஏற்றார்.

அப்போது சிகாகோ நகரம் சேற்றில் மிதந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையில் தாழ்வான நிலம், சாக்கடை ஓட வழியில்லை, காலரா வேறு. நகராட்சி ஒரு முடிவுக்கு வந்தது: சாக்கடைக் குழாயைத் தெருவின் மேலேயே போட்டு, அதற்கு மேல் மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்துவது. தெரு உயர்ந்தால் கட்டிடங்கள் பள்ளத்தில் போய்விடும் அல்லவா? நம் ஊரிலும் ரோட்டை மேலே மேலே போட்டு வீடு பள்ளமானதும் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதே வேலைதான். புல்மன் அங்கே போய் அதைப் பெரிய அளவில் செய்தார். 1860-இல் லேக் தெருவில் ஒரு முழு வரிசைக் கடைகளை, ஏறத்தாழ 600 ஆட்களும் 6,000 ஜாக்கிகளும் வைத்து, கடைகளை மூடாமலேயே தூக்கினார்கள். பல ஒப்பந்தக்காரர்கள் சேர்ந்து செய்த வேலை, அதில் புல்மனும் ஒருவர். அடுத்த வருஷம் ட்ரெமான்ட் ஹவுஸ் என்ற ஆறு மாடி ஓட்டலையும் அப்படியே உயர்த்தினார்கள். விருந்தினர்கள் உள்ளே தங்கியபடியே இருந்தார்களாம்.

இந்தப் பணத்தில்தான் ரயில் பெட்டி வியாபாரம் தொடங்கியது. அந்தக் காலத்து இரவு ரயில் பயணம் மகா அவஸ்தை. பகலில் மேலே மடித்து மூடி, இரவில் இறக்கிப் படுக்கும் மேல் படுக்கைக்கு 1864-இல் புல்மனும் அவர் கூட்டாளியும் காப்புரிமை பெற்றார்கள். அவர் கட்டிய பெரிய பெட்டி ஒன்றுக்கு சுமார் 20,000 டாலர் ஆனது. மற்றப் பெட்டிகளின் விலையைப் போல் பல மடங்கு. நஷ்டப்படப்போகிறார் என்று நினைத்தவர்களை ஏமாற்றிவிட்டு, 1867-இல் புல்மன் பேலஸ் கார் கம்பெனி ஆரம்பித்தார். அதே வருஷம் ஹாரியட் சாங்கரைத் திருமணமும் செய்துகொண்டார். பெட்டிகளை ரயில் கம்பெனிகளுக்கு விற்கவில்லை. ஓட்ட மட்டும் கொடுத்துவிட்டு, படுக்கைக் கட்டணத்தைத் தானே வாங்கிக்கொண்டார். பொருளை விற்காதே, வாடகைக்கு விடு என்ற இந்தக் கணக்கு அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பிடித்துப்போயிற்று. பெட்டிகளில் பணிவிடை செய்ய, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின ஆண்களை வேலைக்கு எடுத்தார். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது உண்மை. சம்பளம் குறைவு, பயணி கொடுக்கும் டிப்ஸை நம்பித்தான் வாழ வேண்டும் என்பதும் உண்மை. முதலாளி பெயர் ஜார்ஜ் என்பதால் பணியாளர் எல்லோரையும் பயணிகள் ஜார்ஜ் என்றே கூப்பிட்டார்கள்.

இனி ஊர் விஷயத்துக்கு வருகிறேன்.

1880-இல் சிகாகோவுக்குத் தெற்கே சுமார் 14 மைல் தூரத்தில், கலுமெட் ஏரிக்கரையில் 4,000 ஏக்கர் நிலம் வாங்கினார். அங்கே தொழிற்சாலையும், அதைச் சுற்றித் தொழிலாளர் ஊரும். சோலன் பீமன் என்ற இளம் கட்டிடக் கலைஞர் வீடுகளை வரைந்தார், நாதன் பாரெட் தோட்டங்களை வகுத்தார். ஏரிக் களிமண்ணிலேயே செங்கல் சுட்டார்கள். 1881 ஜனவரி 1-ஆம் தேதி முதல் குடும்பம் குடியேறியது. 1893 வாக்கில் மக்கள் தொகை 12,000 அளவுக்கு வந்துவிட்டது. ஊருக்குப் பெயர் புல்மன்.

அந்தக் காலத்துத் தொழிலாளி எப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அது சொர்க்கம்தான். செங்கல் வீடு, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய், எரிவாயு, தினமும் குப்பை எடுப்பு, பூங்கா. ஊர்க் கழிவுநீரைப் பம்ப் செய்து ஒரு பண்ணைக்கு அனுப்பி, அங்கே விளைந்த காய்கறியை விற்றார்கள். நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மோட்டார் மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். ஆர்கேட் என்ற ஒரே கூரையின் கீழ் கடைகள், ஆயிரம் பேர் உட்காரும் நாடக அரங்கம், நூலகம், வங்கி. தெருக்களுக்கு வாட், ஸ்டீபன்சன், ஃபுல்டன், மோர்ஸ் என்று கண்டுபிடிப்பாளர்களின் பெயர். ஓட்டலுக்கு மட்டும் செல்ல மகளின் பெயர், ஃப்ளாரன்ஸ்.

ஒன்றே ஒன்று இல்லை. ஒரு வீட்டைக்கூட யாரும் சொந்தமாக வாங்க முடியாது. வீடு, கடை, தெரு விளக்கு, மாதா கோவில் எல்லாம் கம்பெனியுடையவை. ஊருக்கென்று கட்டிய அழகான பச்சைக்கல் கோவிலின் வாடகை அதிகமாக இருந்ததால், எந்தச் சபையும் எடுக்காமல் சில வருஷம் பூட்டியே கிடந்தது. நூலகத்துக்கு வருஷம் 3 டாலர் சந்தா. மதுக்கடை ஓட்டலுக்குள் மட்டும். தாகம் எடுத்த தொழிலாளி எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் கென்சிங்டனுக்கு நடந்தான். பத்து நாள் அவகாசம் கொடுத்தால் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லலாம் என்று குத்தகைப் பத்திரத்தில் இருந்தது.

இதையெல்லாம் புல்மன் தர்மம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய திட்டம் முதலீட்டுக்கு 6 சதவீத லாபம். அதில் ஒளிவுமறைவு இல்லை. நல்ல வீட்டில் இருப்பவன் குடிக்கமாட்டான், சண்டை போடமாட்டான், நன்றாக வேலை செய்வான், அதனால் கம்பெனிக்கும் லாபம் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் அந்த 6 சதவீதம் வரவே இல்லை. நாலரைதான் வந்தது, பிறகு நாலுக்கும் கீழே போயிற்று. வாடகையோ சுற்றுவட்டாரத்தைவிட 20, 25 சதவீதம் அதிகம். 1885-இல் ரிச்சர்ட் ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் இந்த ஊரைப் பார்த்துவிட்டு ஒரு மாத இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். வசதிகளைப் பாராட்டிவிட்டு, இங்கே குடிமகனுக்குத் தன் ஊர்க் காரியத்தில் ஒரு சொல்லும் இல்லை என்று குறை கண்டார்.

சட்டப்படி அது தனி ஊராட்சியும் அல்ல. ஹைட் பார்க் என்ற பெரிய கிராமத்தின் தெற்கு மூலையில் இருந்தது. கிராமம் என்றால் நாம் நினைக்கும் கிராமம் அல்ல, 48 சதுர மைல். உலகத்திலேயே பெரிய கிராமம் என்று பெருமை பேசிக்கொண்டார்கள். வடக்கே பணக்காரர் பங்களாக்கள், தெற்கே புகை கக்கும் ஆலைகள். ஒரு சிறு அறங்காவலர் குழு இத்தனையையும் கட்டி மேய்க்க முடியுமா? குடிநீர், சாக்கடை, போலீஸ், தீயணைப்பு எல்லாம் பற்றாக்குறை. சிகாகோவோடு சேர்ந்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. 1887-இல் ஒரு முறை சேர ஓட்டுப் போட்டு, அது நீதிமன்றத்தில் செல்லாமல் போயிற்று. 1889-இல் மீண்டும் வாக்கெடுப்பு வந்தது.

புல்மன் கம்பெனி இணைப்பை எதிர்த்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மாநகராட்சி வந்தால் வரி ஏறும், கவுன்சிலர் வருவார், போலீஸ் வரும், பிறர் கண் உள்ளே விழும். ஆதரித்தவர்களின் தலைமையில் நின்றவர் ஜான் ஹாப்கின்ஸ். இவர் புல்மன் கம்பெனியிலேயே வேலை பார்த்து, சம்பளம் பட்டுவாடா செய்யும் பொறுப்பு வரை உயர்ந்தவர். ஆர்கேடில் கடையும் வைத்திருந்தார். பிறகு முதலாளியோடு தகராறாகி வெளியேறினார். 1889 ஜூன் 29-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் ஹைட் பார்க், லேக் வியூ, லேக், ஜெஃபர்சன் ஆகிய புறநகர்கள் சிகாகோவோடு சேர முடிவு செய்தன. ஒரே நாளில் நகரத்துக்கு 125 சதுர மைல் நிலமும் இரண்டேகால் லட்சம் மக்களும் கூடினார்கள். அடுத்த வருஷ மக்கள்தொகைக் கணக்கில் சிகாகோ பத்து லட்சத்தைத் தாண்டி அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமானது. புல்மன் ஊரின் அழகான தெருப் பெயர்கள் பின்னால் மாநகராட்சிப் பட்டியலுக்கு ஏற்ப மாறிப்போயின.

ஆனால் காகிதத்தில் மாநகராட்சி வந்ததே தவிர, ஊருக்குள் எல்லாச் சொத்தும் கம்பெனியிடமே இருந்தது. மேயர் ஆட்சி வீட்டு வாசல் வரை, உள்ளே வீட்டுக்காரர் ஆட்சி. எரிவாயு பக்கத்து ஹைட் பார்க் பகுதியில் 75 சென்ட் என்றால் இங்கே இரண்டேகால் டாலர் என்றும், நகரத்திடம் வாங்கிய தண்ணீரைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்றும் தொழிலாளர்கள் பின்னால் புகார் சொன்னார்கள்.

1893-இல் பெரும் பொருளாதார மந்தம். பெட்டிகளுக்கு ஆர்டர் இல்லை. புல்மன் ஆட்களைக் குறைத்தார், இருந்தவர்களின் சம்பளத்தைச் சராசரியாக 25 சதவீதம் வெட்டினார். வாடகையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. அவர் சொன்ன நியாயம் இதுதான்: சம்பளம் கொடுக்கும் கம்பெனி வேறு, வீட்டுக்காரர் வேறு. வேலைச் சந்தையில் கூலி இறங்கியது, அதனால் குறைத்தேன். வாடகை ஒப்பந்தம் தனி, அதை ஏன் குறைக்க வேண்டும்?

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இந்த வாதம் புத்தகப்படி சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பேரேடு, இரண்டு கணக்கு. ஆனால் இரண்டு பேரேட்டையும் ஒரே கைதான் எழுதியது. சம்பளம் கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். சம்பளத்திலிருந்து வாடகையை நேரடியாகப் பிடிக்க இல்லினாய் மாநிலச் சட்டம் தடை போட்டது. உடனே இரண்டு காசோலையாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், ஒன்று வாடகைத் தொகைக்கு, மற்றது மீதிக்கு. கொடுக்கும் இடம் கம்பெனியின் சொந்த வங்கி. வாடகைக் காசோலையின் பின்பக்கம் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும்படி கேட்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். அந்த வங்கிக் குமாஸ்தாவை நினைத்துப் பார்க்கிறேன். எதிரே நிற்பவனுக்கு இரண்டு வார உழைப்புக்குப் பிறகு கையில் சில சென்ட்கள்தான் மிஞ்சும் என்று தெரிந்தும் பேனாவை நீட்டியிருப்பார். சட்டம் மீறப்படவில்லை.

1893 ஜூலையோடு முடிந்த ஆண்டில் கம்பெனி கொடுத்த கூலி 72 லட்சம் டாலர், லாபப்பங்கு 25 லட்சம். அடுத்த ஆண்டு கூலி 45 லட்சத்துக்கு இறங்கியது, லாபப்பங்கு 28 லட்சத்து 80 ஆயிரத்துக்கு ஏறியது. அரசு விசாரணைக் குழு வெளியிட்ட கணக்கு இது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன?

1894 மே மாதம் தொழிலாளர் குழு ஒன்று முறையிடப் போனது. மறுநாளே குழுவில் மூன்று பேருக்கு வேலை போயிற்று. மே 11-ஆம் தேதி வேலைநிறுத்தம். யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிலாளர் சங்கம் நடுவர் பேச்சு கேட்டது. புல்மன் மறுத்தார். ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி கோத்த ரயிலை ஓட்டுவதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. 27 மாநிலங்களில் ரயில்கள் நின்றன. மத்திய அரசு நீதிமன்றத் தடை வாங்கி, மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டின் எதிர்ப்பையும் மீறி ராணுவத்தை அனுப்பியது. சுமார் 30 பேர் செத்தார்கள். டெப்ஸ் ஆறு மாதம் சிறை சென்றார். ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்தது, கோரிக்கை ஒன்றும் நிறைவேறவில்லை.

இதில் உள்ளாட்சி சம்பந்தமான ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சமயம் சிகாகோ மேயர் யார் தெரியுமா? முன்னாள் ஊழியர் அதே ஜான் ஹாப்கின்ஸ். முந்தைய மேயர் கொல்லப்பட்டதால் 1893 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயித்து வந்திருந்தார். இணைப்பால் புல்மன் ஊர் இப்போது அவர் போலீஸ் எல்லைக்குள். அவருடைய கடையிலிருந்து வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்களுக்கு மாவும் இறைச்சியும் போனது. முதல் சில வாரங்கள் புல்மன் ஊரில் ஒரு கண்ணாடிகூட உடையாதபடி தொழிலாளர்களே தொழிற்சாலையைச் சுற்றிக் காவல் நின்றார்கள்.

வேலைநிறுத்தம் தோற்ற பிறகு ஆளுநர் நேரில் வந்து, பட்டினி கிடந்த குடும்பங்களைப் பார்த்துவிட்டு, வாடகைப் பாக்கியைத் தள்ளிக் கொடுக்கும்படி புல்மனிடம் கேட்டார். பயனில்லை. ஆனால் மாநில அரசு வழக்குப் போட்டது. ரயில் பெட்டி செய்வதற்காக உரிமம் வாங்கிய கம்பெனி ஒரு ஊரையே சொந்தமாக வைத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி. வழக்கு நடக்கும்போதே, 1896-இல், பிராகில் நடந்த ஒரு சர்வதேசச் சுகாதாரக் கண்காட்சியில் உலகின் மிகச் சிறந்த ஊர் என்று புல்மனுக்குப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசும் தகுதியானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீர்ப்பைப் பார்க்க அவர் இல்லை. 1897 அக்டோபர் 19-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார், வயது 66. கோபக்காரர்கள் உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று குடும்பத்துக்குப் பயம். ஈயம் பொதிந்த பெட்டியில் வைத்து, குழிக்குள் கான்கிரீட் கொட்டி, மேலே தண்டவாள இரும்பை வைத்து இறுக்கி, மறுபடியும் கான்கிரீட் போட்டார்கள். உயிலில் இரட்டை மகன்களுக்கு வருஷம் 3,000 டாலர் மட்டும் எழுதியிருந்தார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்கல்விப் பள்ளி கட்ட 12 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார். அந்தப் பள்ளி 1915-இல் திறந்தது. வாடகையில் ஒரு சென்ட் விட்டுக்கொடுக்காத மனிதர் இதை எழுதி வைத்திருந்தார் என்பதை எங்கள் சங்க வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

1898 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம், ஊரை வைத்துக்கொள்ள உரிமை இல்லை, விற்றுவிடு என்றது. 1907-க்குள் வீடுகள் கைமாறின. ஆர்கேடைப் பிறகு இடித்துவிட்டார்கள். ரயில் பணியாளர்கள் 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 1937-இல் அதே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

1960-இல் அந்த வீடுகளை எல்லாம் இடித்துத் தொழிற்பேட்டை அமைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்போது அங்கே குடியிருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு குடியிருப்போர் சங்கம் தொடங்கினார்கள். கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள், வீடுகளைச் செப்பனிட்டார்கள். இடிக்கும் யோசனை கைவிடப்பட்டது. 2015-இல் அமெரிக்க அரசு அந்த இடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. பீமன் வரைந்த செங்கல் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, வீட்டுப் பத்திரம் அவரவர் பெயரில்.